சேதி சொன்ன வாய்

வாசகர் கடிதம்

அன்பின் சேர்,

போன மாதம் நீங்கள் எழுதிய பத்தியில் "கொரோனா காலத்தில் நோயால் தள்ளி வைக்கப்பட்டவர்களைவிட போனால் தள்ளி வைக்கப்பட்டவர்களே நம் தேயிலைத் தோட்டங்களில் அதிகம்" என்று ஒரு வரி இருந்தது. இரண்டு மூன்று தடவை வாசித்தேன். மனம் ஒப்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2020 ஒக்டோபர் கடைசியில் நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். ஏழு பெண்பிள்ளைகள் ஒரே போர்டிங்கில். பேலியகொடை மீன் சந்தைக் கொரோனாத் தொற்றுக் கொத்தணி பெருகி, மேல் மாகாணம் முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கடை பூட்டு. சம்பளம் வரவில்லை. ஒன்றரைக் கிலோ அரிசியும் ஒரு பக்கெட் சோயாமீட்டும்தான் மிச்சம். எங்களில் ஒருத்தி பேஸ்புக்கில் எழுதிப் போட்டாள். மறுநாள் பின்னேரம் முகமே தெரியாத ஒருவர் சாமான் மூட்டையைக் கேட்டுக்கு வெளியே வைத்து, ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். அதே கிழமை ஊரில் அம்மாவுக்கு இன்சுலின் முடிந்தது. தம்பி தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் ஒரு வொய்ஸ் போட்டான். ராத்திரிக்குள் மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. எந்த ஆபீஸ் இதைச் செய்திருக்கும், சொல்லுங்கள்?

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) வேலை. அந்தக் குரூப்புக்கு நான்தான் அட்மின். 214 பேர் இருக்கிறார்கள். இரண்டு கிழமையாக எங்கள் பக்கம் காய்ச்சல். டெங்கு என்கிறார்கள், எலிக்காய்ச்சல் என்கிறார்கள், 'புதுக் கொரோனா' என்றும் ஒருவர் போட்டிருக்கிறார். பப்பாளி இலைச் சாறு வீடியோ மட்டும் ஒரே நாளில் பதினொரு தடவை வந்தது. நேற்று ஒரு அண்ணன், பணிய லயத்தில் (கீழேயுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில்) எந்த வீட்டில் காய்ச்சல் என்று பெயரோடு எழுதிவிட்டார். அந்த வீட்டு அக்கா குரூப்பை விட்டுப் போய்விட்டார். 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று பூட்டிவிடு என்கிறார் தோட்டத் தலைவர். பூட்டினால், தம்பியைப் போல இன்னொருவன் எங்கே போய் வொய்ஸ் போடுவான்? என்ன செய்யட்டும்?

ச.,
தெமோதரை

பதில்

அன்பின் ச.,

அந்த வரியை நான் கோபத்தில் எழுதினேன். கோபம் போன் மேல் என்று நினைத்திருக்கிறீர்கள். நீங்கள் அப்படி நினைக்கும்படிதான் எழுதியிருந்தேன். உண்மையில் அது என் மேல் இருந்த கோபம். பத்தியில் அதை நைசாக விட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு இனியும் மறைப்பது சரியில்லை. அதைச் சொல்லிவிட்டு குரூப் விஷயத்துக்கு வருகிறேன்.

2020இல் தீபாவளி நவம்பர் 14. நீங்கள் போர்டிங்கில் அடைபட்டிருந்த அந்த ஊரடங்கை 9ஆம் திகதி தளர்த்தினார்கள். 11ஆம் திகதி இரவிலிருந்து மாகாணத்தை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று மறுபடி தடை. இடையில் கிடைத்த நாட்களில் நம் பையன்கள் கிடைத்த பஸ்ஸில், லொறியில் தொற்றிக்கொண்டு மலைக்கு வந்தார்கள். பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள். வராதீர்கள் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆனால் எட்டு மாதமாகப் பிள்ளை முகம் பார்க்காத தாயிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

மேட்டு லயத்தில் ஒரு வீட்டுக்கு மகன் வந்திருந்தான். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்ற பையன். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து, பதினான்கு நாள் யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லி, கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் நான் அந்த வழியால் போகும்போது போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். நீலக் கதவு, பெயிண்ட் உரிந்த இடங்களில் பழைய பச்சை தெரியும். பசை போதாமல் அறிவித்தலின் ஒரு மூலை மடங்கியிருந்தது. வாசலில் ஒரு சோடி சின்னச் செருப்பு, அதில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, 'கொழும்பிலிருந்து வந்தவர்களை மறைக்காதீர்கள், பொறுப்போடு அறிவியுங்கள்' என்று நாலு வரி எழுதினேன். பெயர் போடவில்லை. லயத்தைச் சொல்லவில்லை. ரொம்பப் பண்பாக நடந்துகொண்டதாக எனக்கு நினைப்பு.

அரை மணித்தியாலத்துக்குள் கீழே ஒருவர் எழுதினார், இது இன்னார் வீட்டுக் கதவாச்சே என்று. அவர் இருப்பது டோஹாவில். சின்ன வயதில் அவர் ஓடி விளையாடிய வாசல் அது. நீலத்துக்குக் கீழே இருந்த பச்சையை வைத்தே கண்டுபிடித்திருப்பார். இன்னொருவர் பையன் வேலை செய்த கடையைச் சொன்னார். மூன்றாமவர் அவனுக்குப் 'பொசிட்டிவ்' என்றே எழுதிவிட்டார். நான் படுக்கப் போகும்போது முந்நூற்று நாற்பது பேர் பகிர்ந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் கதைகளை அத்தனை பேர் பகிர்ந்ததில்லை.

அவனுக்கு நோய் இல்லை. பி.சி.ஆர். முடிவு வர ஆறு நாள் ஆனது, நெகட்டிவ். அதற்குள், கலியாணம் முடித்து வேறு லயத்தில் இருக்கிற அவன் அக்காவை, தம்பி வந்த பிறகு அந்த வீட்டுப் படியையே மிதிக்காதவளை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவள் கொழுந்தைக் கடைசியாகத்தான் எடை போட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவள் வேலைக்கே போகவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தது 2021 மார்ச்சில். அதற்கு முந்திய சம்பளத்தில் ஒரு கிழமைப் பேர் விழாமல், அதாவது அந்த நாட்களுக்குக் கூலி இல்லாமல் போனால் வீடு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

படத்தை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? அடுத்த வருடம் மே மாதம், தொற்று மறுபடி ஏறிய நேரத்தில், அதே கதவு எனக்கே வட்ஸ்அப்பில் வந்தது. வேறொரு தோட்டத்தின் பெயர் போட்டு, 'இந்தத் தோட்டத்துக்குள் போகாதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு, மேலே, பல கை மாறி வந்தது என்று காட்டும் இரட்டை அம்புக்குறியோடு. கவிழ்ந்த செருப்பு அப்படியே கிடந்தது.

சரி, அந்த ஆறு நாளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை, உங்களுக்குத் தெரியும். ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் கொத்தமல்லி கொதிக்கும். பைப் எல்லோருக்கும் ஒன்று. பயப்பட அவர்களுக்குத்தான் எல்லா நியாயமும் இருந்தது. அவர்கள் விடியற்காலையில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து அந்த வாசலில் வைத்தார்கள். ரொட்டியும் சம்பலும் வைத்து மூடி, படியில் வைத்துவிட்டுத் தகரத்தைத் தட்டினார்கள். தீபாவளியன்று வடையும் முறுக்கும் போயிற்று. அடுத்த வீட்டுப் பெரியம்மா மட்டும் "இந்தப் பய ஏன்டா இப்ப வந்து தொலஞ்சான்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே திட்டிக்கொண்டிருந்தார். குடத்தைத் தூக்கி வந்ததும் அதே பெரியம்மாதான்.

தள்ளி வைத்தவர்கள் எல்லாம் அந்தப் பைப்பில் தண்ணீர் பிடிக்காதவர்கள். டோஹாவில் ஒருவர், திருப்பூரில் ஒருவர், வெள்ளவத்தையில் இரண்டு மூன்று பேர். டவுனில் தனிக் குழாய் உள்ள வீட்டில் இருக்கிற நான். டோஹாக்காரரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரே அறையில் பத்துப் பேரோடு அடைபட்டு, ஊரில் அம்மாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்துபோய் இருந்தவர். பயந்தவனுக்கு ஏதாவது செய்தால் தேவலை என்று இருக்கும். அவர் கையில் இருந்தது போன் ஒன்றுதான்.

இப்போது உங்கள் இன்சுலின். எந்த ஆபீஸ் செய்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஆபீஸும் செய்திருக்காது. என் அப்பா காலத்தில் நமக்கு வரும் கடிதம்கூட தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். லயத்துக்கு இலக்கம் கிடையாது, தெரு கிடையாது. தப்பால்காரர் பையை ஆபீஸில் கொட்டுவார். அங்கிருந்து கங்காணி கை, கடைக்காரர் கை என்று மாறி, எப்போதோ வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்த கதை இல்லாத தோட்டமே கிடையாது. நம் ஆட்களுக்கு, யாரும் பிரித்துப் பார்க்க முடியாமல், தங்கள் பெயரில் கிடைத்த முதல் முகவரி அந்தப் பத்து இலக்கப் போன் நம்பர்தான். ஆகவே யாராவது "இந்த வட்ஸ்அப்பை எல்லாம் விட்டுத் தொலையுங்கள்" என்று தோட்டத்து ஆட்களுக்குப் புத்தி சொன்னால் எனக்குக் கூசும். போன மாதப் பத்தியில் நானே அதற்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

ஆனால் பழைய முறையில் ஒன்று இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்குத் தப்புப் பறை அடித்தால் அடித்தவன் யார் என்று தெரியும். சாவுச் சேதி என்றால் ஒரு ஆள் மலை ஏறி நடந்து வருவான். வந்தவன் தப்பாகச் சொல்லியிருந்தால் அடுத்த நாள் அவன் லயத்துக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். வட்ஸ்அப்பில் வருகிற சேதிக்கு வாய் கிடையாது. "எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்லும் பதிலைக் கவனித்திருக்கிறீர்களா? "வந்துச்சு, அனுப்புனேன்." மழை வந்த மாதிரி, வந்துச்சு!

அப்படி வந்தவை என்னென்ன என்று நினைத்துப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கொரோனா லயத்துக்குள் வராது என்று தமிழ்நாட்டிலிருந்து ஒரு சேதி வந்தது. அங்கே மஞ்சள் மலிவு. இங்கே அந்த நேரம் பார்த்து மஞ்சள் இறக்குமதிக்குத் தடை. மன்னார்ப் பக்கம் கடலில் தங்கத்துக்குப் பதிலாக மஞ்சள் மூட்டை பிடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் ஐம்பது கிராம் வாங்கப் போனால் வேறு சாமானும் வாங்கினால்தான் தருவேன் என்றார்கள். ஆனாலும் வாசலுக்கு வாசல் மஞ்சள் தெளித்திருந்தது. எதை விற்று வாங்கினார்களோ.

அப்புறம் பாணி. கேகாலை ஹெட்டிமுல்லையில் தம்மிக பண்டார என்பவர், காளி தனக்கு அருளியது என்று சொல்லி, தேனும் சாதிக்காயும் சேர்த்து, கொரோனாவுக்கு மருந்து என்று ஒரு பாணி (சிரப்) காய்ச்சினார். 2020 டிசம்பர் 8ஆம் திகதி அதை வாங்க ஆயிரக்கணக்கான பேர் அந்தச் சின்ன ஊரில் ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள். நம் பக்கத்திலிருந்தும் வேன் பிடித்துப் போனவர்கள் உண்டு. அவர்களை முட்டாள்கள் என்று பேஸ்புக்கில் எழுதினார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே கமராவுக்கு முன்னால் அதைக் குடித்துக் காட்டியிருந்தாரே, பாவம், வேன் பிடித்தவனை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஜனவரியில் அமைச்சருக்கும் தொற்று வந்தது. இந்தச் சேதிக்கு வாய் இருந்தது, பெரிய வாய். அது வேறு வகைக் கூத்து.

கொரோனாத் தடுப்பூசி வந்தபோது நடந்தது சிரிப்பு இல்லை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் திகதி சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார்; 17ஆம் திகதி மாரடைப்பில் போய்விட்டார். நம் தோட்டங்களில் விவேக்கைத் தெரியாத பிள்ளை கிடையாது. அவர் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று இந்தியாவின் நிபுணர் குழு பிறகு சொன்னது. அதைச் சொல்ல ஒக்டோபர் ஆனது. அந்த ஆறு மாதத்தில்தான் எங்கள் தோட்டத்துக்கு ஊசி வந்தது. நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர், ஊசி போட்டவர்கள் இரண்டு வருடத்தில் இறந்துபோவார்கள் என்று சொன்னதாக இன்னொரு சேதியும் கூடவே வந்தது. அந்த விஞ்ஞானி, லுக் மொன்டனியர், தடுப்பூசிகளைப் பற்றி என்னென்னவோ பேசியவர்தான். ஆனால் அந்த வாக்கியம் அவர் சொன்னது இல்லை. என் சொந்தச் சித்தி ஊசி போடும் நாளன்று காலையில் மலைக்குப் போய் ஒளிந்துகொண்டார். நான் போனில் புள்ளிவிவரம் எல்லாம் சொன்னேன், கேட்கவில்லை. நாற்பது வருடம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரசவம் பார்த்த மருத்துவிச்சி அம்மா, ஓய்வு பெற்றவர், தன் கையில் ஊசி குத்திய இடத்தைக் காட்டிக்கொண்டு லயம் லயமாக நடந்தார். "நான் செத்தா நீயும் போடாத" என்றாராம். சித்தி இரண்டாவது சுற்றில் போட்டுக்கொண்டார்.

இது நடக்க இடம் கொடுத்ததில் மொழிக்கும் பங்கு உண்டு. சிங்களத்தில் சாயங்காலம் வரும் அறிவித்தல் தமிழில் வர அடுத்த நாளாகும். சில வேளை வரவே வராது. கதவில் ஒட்டிய தாளில்கூட என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு வாசிக்கத் தெரியாத நிலை. அந்த இரவில், அந்த இடைவெளியில், தமிழில் பேசிக்கொண்டு வருவது தமிழ்நாட்டு வீடியோ ஒன்றுதான். பசித்தவனுக்கு முன்னால் அது ஒன்றுதான் தட்டில் இருக்கிறது.

மலைநாட்டுக்கு இதில் இன்னொரு அனுபவமும் உண்டு, அதை விட்டுவிட முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு வீடியோ கிளம்பியது. பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி. ஒரு கிழமைக்குள் கண்டிப் பக்கம் தெல்தெனியவும் திகனயும் எரிந்தன. அது முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் என்றுதான் நினைவில் இருக்கிறது. ஆனால் பரவிய பயம் உடம்பைப் பற்றியது, மருந்தைப் பற்றியது. 2020இல், முஸ்லிம்கள் அதிகம் வாழும் அக்குறணை கொரோனாவுக்காக முடக்கப்பட்டபோது அதே பயம் 'அவர்கள்தான் பரப்புகிறார்கள்' என்று உருமாறித் திரும்பி வந்தது. அந்த வருடம் மே மாதம்தான் பேஸ்புக் நிறுவனம் 2018 கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து, அடுத்த நோயின் நடுவில்.

வெறுப்பு எழுதியவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்க, அதற்கு எதிராக எழுதியவர் மாட்டிக்கொண்டதும் நம் கண்டியில்தான். அதிகாரிகளை விமர்சித்து எழுதுபவர்களைக் கைது செய்வோம் என்று பொலிஸ் 2020 ஏப்ரல் முதலாம் திகதி அறிவித்தது. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்ஸி ராஸீக், ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர், ஒரு பேஸ்புக் பதிவுக்காக 9ஆம் திகதி கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. அந்தக் கைது நடந்த வாரம் எங்கள் குரூப்பில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொழுந்து மடுவத்தில் கை கழுவ சவர்க்காரம் இல்லை, நாடே பூட்டிக் கிடக்கும்போது நாங்கள் மட்டும் மலைக்குப் போகிறோம் என்று எழுதிக்கொண்டிருந்த பெண்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. மஞ்சளுக்காக யாரையும் பிடித்துப் போக மாட்டார்களே.

ஆகவே, பூட்டாதீர்கள். தலைவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பூட்டினால் முதலில் வாய் மூடுவது சவர்க்காரம் இல்லை என்று எழுதக்கூடியவர்கள். பப்பாளிக்காரர் இன்னொரு குரூப் திறந்துகொள்வார், அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். 2018 மார்ச்சில் அரசாங்கமே பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சுமார் ஒரு வாரம் முடக்கிப் பார்த்தது. என் மாணவன் ஒருவன் ஒரு மணித்தியாலத்துக்குள், அந்த முடக்கத்தைத் தாண்ட உதவும் வி.பி.என். என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தான். வேண்டுமானால் இரவு பத்திலிருந்து விடிய ஐந்து வரை மட்டும் மூடிப் பாருங்கள். பயங்கரமான வொய்ஸ் எல்லாம் அந்த நேரத்தில்தான் புறப்படுகிறது. மூடும் முன் தினமும் உங்கள் நம்பரையும், அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் என்பதையும் போட்டுவிடுங்கள்.

உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் போய் ஒரு நிமிட வொய்ஸ் கேளுங்கள். பெயரையும் திகதியையும் முதலில் சொல்லச் சொல்லுங்கள். திகதி சொல்லாத வொய்ஸ் அடுத்த வருடமும் சுற்றும். அவருக்குத் தமிழ் வராவிட்டால் நீங்களே பேசுங்கள்: "நான் பிள்ளை மடுவத்து இன்னார், இன்று காலை பி.எச்.ஐ. மாத்தயா எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்" என்று தொடங்கி. உங்கள் குரல் அந்த 214 பேருக்கும் தெரியும். தங்கள் பிள்ளையைக் காலையில் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

பப்பாளி அனுப்புபவரோடு குரூப்பில் மல்லுக்கட்டாதீர்கள். எல்லோர் முன்னாலும் 'பொய்' என்று சொன்னால் நிரூபிக்க இன்னும் ஐந்து வீடியோ அனுப்புவார், நம் ஆட்கள் ரோஷக்காரர்கள். போன் எடுத்துப் பேசுங்கள். சாறு குடிப்பதென்றால் குடிக்கட்டும், அதைக் குடித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து என்று சொல்லுங்கள். டெங்குவாக இருந்தால் பரசிட்டமோல் தவிர வேறு நோவு மாத்திரை போடக் கூடாது. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினக் எதுவும் வேண்டாம், இரத்தக் கசிவை அவை கூட்டும். மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் இறங்கிய உடனே 'சுகமாயிற்று' என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறார்களே, அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் மோசமான நாள். எலிக்காய்ச்சல் என்றால் சேற்றுத் தண்ணீரில் கால் புண்ணோடு நின்றவர்களை வைத்தியரிடம் அனுப்புங்கள், அதைச் சொல்லி மருந்து எடுக்கட்டும். இவ்வளவையும் ஒரே வொய்ஸில் போடாதீர்கள். நாளைக்கு ஒன்று போதும்.

பெயர் போட்டவரைப் பற்றி. அவரைக் குரூப்பிலிருந்து தூக்காதீர்கள், குரூப்பில் வைத்துத் திட்டவும் வேண்டாம். கூட்டிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள். நான் இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். டவுனில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு, என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு. அந்த அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாக எடுத்தபோதும் "அதெல்லாம் எதுக்கு சேர் இப்ப" என்று மாட்டுக்குப் புல் இல்லாததைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது பையன் பின்னால் வந்தான். "சேர், அடுத்த தடவ படம் எடுக்கிறப்ப அந்தச் செருப்ப நேரா வச்சிட்டு எடுங்க, தங்கச்சி அதயே சொல்லிக்கிட்டு இருக்கா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ராத்திரிக்குள் மருந்து வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்சுலின் குளிரில் வைக்க வேண்டிய மருந்து. அதைச் சூடு படாமல் வாங்கி, அந்த நேரத்தில் அந்த மலைப் பாதையில் யார் கொண்டுவந்தார்கள்? தம்பியிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் பெயரோடு இங்கே போடுகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.